எங்கள் வீட்டில் கேட்ட அலறல்

எழுதலாம் என்று உட்காருவேன். இரண்டு வரி ஓடும். பேனாவை மூடி வைத்துவிட்டு மில்லுக்குப் போய்விடுவேன். இப்படியே வருஷங்கள் போய்விட்டன. எட்டாவதோடு நின்ற படிப்பு, நமக்கெதற்கு எழுத்து என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் அது இல்லை. இதில் என் மனைவி என்னைக் கடிக்கிறாள். என் மச்சினன் என் வாயை உடைக்கிறான். நாங்கள் கும்பிடும் மாரியம்மனை என் வீட்டுக் கட்டிலில் இருந்தே ஒரு வாய் கூசாமல் திட்டுகிறது. இதையெல்லாம் எப்படி ஊருக்குச் சொல்வது?

போன மாதம் மிளகாய் அரைக்க வந்த ஒரு அம்மா, "எங்க அத்தைக்கு மூட்டு மாத்தியிருக்குண்ணே. வலியில கெடந்து கத்துறாங்க. மாத்திரை போட்டா ஆகாதுன்னு நாங்க நிறுத்திட்டோம்" என்றார். வீட்டுக்கு வந்து, நம்ம கதையை எழுதட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. நான் கடிச்சதையும் விடாம எழுதுங்க" என்றாள். அம்மன் சாட்சியாக எழுதுகிறேன்.

விளாங்குடியில் எங்களுக்கு ஒரு மாவு மில். வீடு மில்லுக்குப் பின் தெருவில். மகனுக்கு ஓசூரில் வேலை. வீட்டில் நானும் அவளும்தான். அவளுக்கு வலது முட்டி தேய்ந்து தேய்ந்து, கடைசியில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஓர் ஆடி மாதம் கூழ் ஊற்றும் அன்று அம்மன் கோவிலில் தரையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சேலை விலகிவிட்டது. அந்த அவமானத்தில்தான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்தபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர், தன் மனைவிக்கும் அதே ஆபரேஷன் ஆனவர், ஆறுதல் சொல்வதாக நினைத்து, "ஒண்ணுமில்லீங்க, எலும்ப ரம்பம் போட்டு அறுத்து, புது மூட்ட சுத்தியல் வச்சு அடிச்சு எறக்குவாங்க, அம்புட்டுத்தான்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அம்மன் பேர் வாயில் வரவில்லை. சுத்தியல் சத்தம்தான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. முடிந்து வந்தவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிரஷர் இறங்கி, வாந்தி எடுத்து, ஒரு பகல் முழுக்க யாரையும் தெரியாமல் கிடந்தாள். தெளிந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு: "இன்னொருக்கா மயக்க ஊசி போட்டா நான் திரும்பி வர மாட்டேன்."

தையல் பிரித்த அன்று டாக்டர் முட்டியைப் பிடித்துப் பார்த்தார். மடங்கவில்லை. "அடுத்த தடவை வரும்போது நாற்காலியில உக்காந்தா கால் நேரா கீழ தொங்கணும். இல்லேன்னா உள்ள சதை ஒட்டிக்கும். மறுபடி மயக்கம் குடுத்து நாங்கதான் அமுக்கி மடக்கணும்" என்றார். மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கவலைதான். கால் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் அந்த ஊசி.

ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு வாரம் வந்தாள். பிறகு என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். "அப்பா, சாப்பிட்டதும் வலி மாத்திரை. போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் மடக்கணும். வலி வந்தப்புறம் போடுறதுல பிரயோஜனம் இல்ல. முடிச்சதும் துணி சுத்தி ஐஸ் வைங்க. முட்டிக்கு அடியில தலகாணி வைக்காதீங்க, கால் அப்படியே வளைஞ்சு நின்னுரும்" என்று சொல்லிக் கொடுத்தாள். பெற்ற மகள் போல என்னைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாள். நானும் அதன்படியே செய்தேன். செய்ததாகத்தான் நினைத்தேன்.

காலையில் இட்லியும் மாத்திரையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். பூஜை முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு அவள் அறைக்கு வருவேன். தட்டு காலியாக இருக்கும். இட்லி தீர்ந்ததே என்று சந்தோஷப்படுவேன். கட்டில் ஓரத்தில் அவளை உட்காரவைத்து, கணுக்காலைப் பிடித்து மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுவேன்.

அந்த அலறலை எப்படி எழுதுவேன்? எங்கள் தெருவில் ஒருமுறை லாரி சக்கரத்தில் நாய் மாட்டியது. அந்தச் சத்தம் அது. முட்டி சூடாக, பழுத்த பப்பாளி மாதிரி வீங்கி இருக்கும். நான் ஒரு விரற்கடை தள்ளினால் அவள் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். முதலில் கெஞ்சுவாள். பிறகு அடிப்பாள். எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் நெற்றியில் போட்டிருக்கிறாள், இன்னும் தழும்பு இருக்கிறது. ஒருநாள் குனிந்து என் முன்கையைக் கடித்தாள். விடவே இல்லை. பல் உள்ளே போனது தெரிந்தது. நானும் காலை விடவில்லை. விட்டால் அந்த ஊசி என்ற நினைப்பு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி, அவள் என் கையைக் கடித்துக்கொண்டும் நான் அவள் காலை அமுக்கிக்கொண்டும் கிடந்தோம். முப்பது வருஷத்துக்கு மேல் என்னை "ஏங்க" என்று தவிர வேறு வார்த்தை சொல்லாதவள், "கொலகாரப் பாவி, நீ நல்லாருப்பியா" என்று கத்தினாள்.

நான் அதற்கெல்லாம் வருந்தவில்லை. ஒருநாள் மாரியம்மன் படத்தைப் பார்த்து, "நீயெல்லாம் சாமியா? கல்லு! வெறுங் கல்லு!" என்று குங்குமச் சிமிழை எடுத்து வீசினாள். படத்துக் கண்ணாடி நொறுங்கியது. குங்குமம் சுவரெல்லாம் தெறித்தது. கண்ணாடியைப் பொறுக்கும்போது எனக்கு விரல் அறுந்தது. எது ரத்தம் எது குங்குமம் என்று தெரியாமல் துடைத்தேன். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

இவ்வளவு சண்டைக்குப் பிறகும் கால் மடங்கவில்லை. மத்தியானச் சோறும் மாத்திரையும் அதேபோல் வைத்துவிட்டுப் போவேன், சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் இன்னொரு தடவை மடக்குவேன். அப்போதும் இதே கதைதான். ராத்திரி மட்டும் சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டுச் சாந்தமாகிவிடுவாள். அம்மன் இரங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் அலறல் தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா. அவர் பால் வாங்கும் இடத்தில், "பாவம், அந்தம்மா காலையில அலறுது" என்று மட்டும்தான் சொன்னாராம். பின்னால் விசாரித்தபோது தெரிந்தது. பால்காரர் வாயில் அது, "அவரு அந்தம்மா கால முறுக்குறாரு" என்று ஆகியிருக்கிறது. மில்லுக்கு எதிரே டீக்கடையில், "எதுக்கு முறுக்குறாரு? அந்தம்மா பேருல மேலூருல நெலம் இருக்குல்ல" என்று யாரோ ஒருவர் சேர்த்திருக்கிறார். மேலூர் பஸ் ஸ்டாண்டில் அது போய் இறங்கியபோது, "ஆபரேஷன் பண்ணுன கால முறுக்கி, நெலத்த எழுதிக் கேக்குறான்" என்று முழுக்கதை ஆகிவிட்டது.

மேலூரில் என் மச்சினன் இருக்கிறான். அவளுக்கு இளையவன். கிரானைட் குவாரியில் கிரேன் ஓட்டுகிறவன். அக்கா என்றால் உயிர். கதை காதில் விழுந்ததும் அவன் போன் போட்டுக் கேட்டிருக்கிறான். என்னிடம் இல்லை, அவளிடம். "ஒண்ணுமில்லடா, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அழுத குரலில் ஒண்ணுமில்லை என்றால் எந்தத் தம்பி நம்புவான்? விடிந்ததும் பஸ் ஏறிவிட்டான்.

அன்றைக்கு மில்லில் கோவில் மாவு அரைக்க வேண்டியிருந்தது. எனக்கு அவசரம். எப்போதும் மாத்திரையை வைத்துவிட்டுப் போகிறவன், அன்று நானே அவள் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் கணுக்காலைப் பிடித்துவிட்டேன். அன்று அவள் கத்தவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு "ம்ம்ம், ம்ம்ம்" என்று முனகினாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது. பரவாயில்லையே, பொறுமை வந்துவிட்டதே என்று நான் இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.

வெளியே கேட் பக்கத்தில் மச்சினன் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வாயை மூடிய முனகல் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? வாயைப் பொத்தி அடிக்கிறான் என்றுதான்.

கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். பிடரியை ஒரு கை கவ்விப் பிடித்தது. கல் தூக்கும் கை. அப்படியே என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தான். "பொட்டப்புள்ளய வாயப் பொத்தியாடா அடிக்கிற?" என்றான். வார்த்தைக்கு வார்த்தை மச்சான் மச்சான் என்று உருகுகிறவன் வாயில் "டா" வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முஷ்டி அதில் இறங்கியது. என் தலைக்குள் மில் பெல்ட் அறுந்தது மாதிரி ஒரு சத்தம். கீழே விழுந்தேன். விலாவில் ஓர் உதை. கண்ணைத் திறந்தால் தரையில் என் ரத்தம். "மாப்ள, மாப்ள" என்று சொல்லப் பார்க்கிறேன், வாயில் கொப்புளிக்கிறது.

அப்போது என் மனைவி எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியவில்லை. அலுமினிய வாக்கரைத் தூக்கி அவன் முதுகில் ஓங்கி அடித்தாள். "எடுபட்ட நாயே! விடுடா அவர! எங் கால மடக்கத்தாண்டா செய்யுறாரு, டாக்டரு சொன்னதடா!" என்று வீடு அதிரக் கத்தினாள். இரண்டாவது அடி அவன் காதோரம் இறங்கியது. பிடிமானம் இல்லாமல் அவள் கட்டிலில் சரிந்தாள்.

மச்சினன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மடக்குறாரா? எதுக்கு?"

"மடங்காட்டி மறுபடி மயக்க ஊசிடா. தெரியாம வந்து கொன்னுட்டியேடா எம் புருஷன."

அவன் என்னைப் பார்த்தான். என் முன்கையில் இருந்த கடித் தழும்பைப் பார்த்தான். நெற்றி வடுவைப் பார்த்தான். "இதெல்லாம் யாரு செஞ்சது மச்சான்?" என்றான். நான் விரலால் அவளைக் காட்டினேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் தலையில் தானே மடேர் மடேரென்று அடித்துக்கொண்டான். "ஊர்க்காரன் பேச்சக் கேட்டு வந்துட்டேனே, ஊர்க்காரன் பேச்சக் கேட்டு வந்துட்டேனே" என்று அதையே சொன்னான்.

துண்டால் வாயைத் துடைத்தபோதுதான் முன்பல் ஒன்று இல்லை என்று தெரிந்தது. அவன் பதறிவிட்டான். "பல்லு கெடச்சா பால்ல போட்டுக் கொண்டுபோனா திருப்பி வச்சுருவாகளாம் மச்சான். எங்க குவாரியில ஒருத்தனுக்கு வச்சாக" என்று மண்டிபோட்டுத் தேட ஆரம்பித்தான். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டான். அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"இந்தா இருக்கு மச்சான்!" தலையை வெளியே எடுத்துக் கையை விரித்துப் பார்த்தான். "இது பல்லு மாதிரி இல்லையே. மாத்திரையில்ல இது?"

வெள்ளையாக, மேல்பூச்சு லேசாகக் கரைந்து, எச்சில் ஈரத்தோடு அவன் உள்ளங்கையில் இருந்தது. காலையில் நான் அவள் வாயில் போட்ட வலி மாத்திரை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தது, தம்பியைத் திட்ட வாயைத் திறந்தபோது விழுந்திருக்கிறது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தெனமுமா?" என்றேன். பல் போன வாயில் காற்றுதான் வந்தது.

அவள் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, மஞ்சள் துணியில் காசு முடிந்து, கால் மடங்கி அம்மன் முன்னால் உட்காரும் வரைக்கும் ஒருபொழுது இருப்பதாக நேர்ந்திருக்கிறாள். பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றும்வரை தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. ராத்திரி ஒருவேளைச் சோறு. ராத்திரி மாத்திரையை மட்டும் விழுங்கியிருக்கிறாள். பகல் மாத்திரையெல்லாம் கட்டிலோர ஜன்னல் வழியாக வெளியே. இட்லியும் மத்தியானச் சோறும் அதே ஜன்னல் வழியாகக் கொல்லையில் நின்ற தெரு நாய்க்கு. அந்த நாய் ஏன் எங்கள் கொல்லையிலேயே படுத்துக் கொழுத்துப் போகிறது என்று நானும் யோசித்திருக்கிறேன்.

கால் மடங்க வேண்டும் என்று விரதம். விரதத்துக்காக மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாத காலைத்தான் நான் இத்தனை நாள் பிடித்து அமுக்கியிருக்கிறேன்.

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீங்க சாமி கும்பிட்டு விபூதி பூசிக்கிட்டு வந்து கால்ல கை வைக்கிறீக. நான் மட்டும் தின்னுபோட்டு உக்காந்திருக்கணுமா?" என்றாள். பக்தி இருந்தது, இரண்டு பேருக்கும். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பல் கடைசிவரை கிடைக்கவில்லை. "அக்கா முழுங்க வேண்டியத முழுங்கல. நீங்க முழுங்கக் கூடாதத முழுங்கிட்டீக போல மச்சான்" என்றான் மச்சினன். சிரிக்கலாமா என்று தெரியாமலே சிரித்தேன். உதடு மறுபடி கிழிந்தது.

நேர்ந்ததை எப்படி விடுவது? அவள் ஒரே பிடியாக மாட்டேன் என்றாள். கோவில் பூசாரிக்குப் போன் போட்டோம். "முடியாதவங்க நேத்திய கூடப் பொறந்தவங்க ஏத்துக்கலாம், தப்பில்ல. காசு முடிஞ்ச துணிய கையில மாத்திக்கச் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் கையை நீட்டிவிட்டான். "குடுக்கா. உன் ஒருபொழுத நான் இருக்கேன். நான் அடிச்சதுக்கு அதாவது செய்யுறேன்."

"நீயா? டீ இல்லாம உனக்குக் கண்ணே தொறக்காதே" என்றாள் அவள்.

"உங் கால் மடங்குறதுக்குள்ள எங் கண்ணு அவிஞ்சாலும் சரி."

குவாரிக்கு லீவு சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கினான். அக்காவுக்கு இட்லியை ஊட்டுவான். வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் விரல் விட்டு, மாத்திரை இறங்கியதா என்று பார்ப்பான். ஒரு மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அவன் வயிறு இரைவது எனக்குக் கேட்கும். பிறகு அவன் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடிப்பான், நான் காலைப் பிடிப்பேன்.

வலி போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை வலியை எடுக்கவில்லை. வலிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அவள் அப்போதும் கத்தினாள். அவன் கையையும் கடித்தாள். "மச்சான், எனக்கும் ஒரு கடி" என்று காட்டினான். ஆனால் முன்பு கல்லாக நின்ற முட்டி இப்போது தினம் கொஞ்சம் கொடுத்தது. ஒருநாள் உள்ளே "கறக்" என்று ஏதோ பிரிந்தது. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் டீச்சரம்மா வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். மச்சினன் தோளை விடாமல், "வாங்க டீச்சர், வெளிய நின்னு கேக்காதீக. நீங்களும் வந்து ஒரு கை பிடிங்க" என்றான். அவர் வந்தார். ஐஸ் துணியை முட்டியில் வைத்தார். வைத்தவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு பயிற்சி நேரத்தில் நாங்கள் வாசல் கதவைச் சாத்தவில்லை.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று நாற்காலியில் உட்கார்ந்த அவள் கால் நேராகக் கீழே தொங்கியது. அளவுச் சட்டத்தை முட்டியில் வைத்துப் பார்த்தார். "போதும். ஊசி வேண்டாம். வீட்டுல விடாம செய்யுங்க" என்றார். அவள் டாக்டரையே கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அவர் என் வாயைப் பார்த்து, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். மச்சினன் முந்திக்கொண்டு, "கதவுல இடிச்சுக்கிட்டாரு சார்" என்றான். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

நேரே கோவிலுக்குப் போனோம். தரையில் உட்காரக் கூடாது என்பதால் மச்சினன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் சுமந்து வந்து சன்னதிக்கு நேராகப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. வெகுநேரம் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லுன்னு சொன்னேன். கல்லாட்டம் நின்னு கேட்டுக்கிட்ட" என்று மெல்லச் சொன்னாள். மச்சினன் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போட்டான். போட்ட கையோடு, "மச்சான், பரோட்டாக் கடை தொறந்திருப்பானா?" என்றான்.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் யாராவது மூட்டு மாற்றிக்கொண்டு வந்து படுத்திருந்தால் போய் இதைச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து மடக்குவது, பிறகு ஐஸ். டாக்டர் கொடுத்ததை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நேர்ந்துகொண்டிருந்தால் கூடப் பிறந்தவர்கள் ஏற்றுக்கொள்ளலாம். வெளியே அலறல் கேட்டால் வெளியிலேயே நின்று கேட்க வேண்டாம், கதவைத் தட்டுங்கள்.

சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். பால் வாங்கும் இடத்தில் ஒரு வார்த்தை, டீக்கடையில் ஒரு வார்த்தை என்று சேர்ந்துதான் என் பல் போனது. என் மச்சினன் என்னைச் சுவரில் அடித்தது ஒருமுறை, வாயில் குத்தியது ஒரு குத்து, விலாவில் உதைத்தது ஓர் உதை. கூட்டவும் வேண்டாம். அவன் பிறகு பட்டினி கிடந்தானே என்று இரக்கப்பட்டு அதில் ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம்.